காட்டேரிக்கு நான் கொடுத்த தமையன்

தன் அண்ணனைக் கடலில் பறிகொடுத்த ஒருவனை, அண்ணனைச் சாகவிட்டு வந்தவன் என்று ஓர் ஊர் நம்பும்படி நான் செய்தேன். அவன் பெயரை நான் சொல்லவில்லை. அவனை நோக்கி விரல் நீட்டவுமில்லை. தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆங்கில நாடகத்துக்குத் தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் இல்லாத ஒரு தமையனை உண்டாக்கிச் சொன்னேன். செய்தது அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நாற்பது வருடங்களாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். செய்த காரியம் அதனால் சிறுத்துப் போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மயிலிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கொக்குவில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வர அலுப்பாக இருந்ததால், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சம்மாட்டியாரின் வளவில் அறை எடுத்துத் தங்கினேன். வள்ளங்களும் வலைகளும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்விப்பவர் அவர். கடற்கரை ஆட்களின் வீட்டில் போய் இருக்கிறானே என்று என் சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள். அப்படிச் சுளிக்காத நல்லவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்குள்ளும் ஒரு மேட்டிமை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

சம்மாட்டியாரின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு வெள்ளைப் பெட்டி. நீளக் குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் அன்ரனா கட்டினார்கள். பின்னேரமானால் பெட்டியை வெளியே தூக்கி மேசையில் வைப்பார்கள். அயலட்டை முழுவதும் முற்றத்தில் பாய் போட்டு இருக்கும். எனக்கு மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை.

அந்தக் கதிரை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், கிழமைக்கு ஒருநாள் வந்த அந்த ஆங்கிலத் தொடர்தான். பல நூறு வருடங்களாகச் சாகாமல், மனித இரத்தம் குடித்து, ஒரு பெரிய நகரத்தில் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு திரியும் ஒரு காட்டேரியின் கதை. ஊர் அதில் பைத்தியமாக இருந்தது. ஆனால் ஒருவருக்கும் ஆங்கிலம் விளங்காது. நான் கதிரையில் இருந்து, நடிகர்கள் கதைக்கக் கதைக்கத் தமிழில் சொல்வேன். சிரிக்கவேண்டிய இடத்தில் நான் சொன்னால்தான் முற்றம் சிரிக்கும். பயப்படவேண்டிய இடத்தில் நான் குரலைத் தாழ்த்தினால்தான் பயப்படும்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. நான் படித்தது புத்தகத்து ஆங்கிலம். இலக்கணம் கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். ஆனால் அந்த நடிகர்கள் சொற்களை மென்று விழுங்கினார்கள். பத்துச் சொல்லில் மூன்று பிடிபடும். மிச்சத்தை முகத்தையும் கையையும் பார்த்து இட்டு நிரப்பினேன். துரத்துவதும் ஒளிப்பதும் கடிப்பதுமாகக் கதை ஓடிய கிழமைகளில் அது போதுமாக இருந்தது. எனக்கு விளங்கவில்லை என்று ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். ஆங்கில ஆசிரியன் எப்படிச் சொல்வது?

முற்றத்தில் பின்வரிசையில், கிணற்றடிப் பக்கமாக ஒருவன் இருப்பான். முப்பது வயது ஆகவில்லை. அவனும் அவன் அண்ணனும் சொந்தமாக ஒரு சின்ன வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இருவரும் கடலில் இருந்தபோது காற்று மாறி வள்ளம் கவிழ்ந்தது. அடுத்தநாள் காலையில் வேறு வள்ளக்காரர் தம்பியை மட்டும் கண்டெடுத்தார்கள். வெறும் எண்ணெய்க் கலன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தானாம். அண்ணனின் உடல் கிடைக்கவேயில்லை. அதன்பிறகு ஒரு மச்சானைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டு அதே தொழிலைச் செய்தான். அண்ணனின் பெண்சாதிக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அவன்தான் சோறு போட்டான். தான் கலியாணம் செய்யவில்லை. கடலில் என்ன நடந்தது என்று அவன் ஒருவருக்கும் விபரமாகச் சொன்னதில்லை. ஊரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அங்கே வழக்கமில்லை. கடல் கொண்டுபோனதைப் பற்றித் தப்பி வந்தவனிடம் கேட்கக்கூடாது என்பார்கள்.

அந்தக் கிழமை நாடகம் வேறு விதமாக இருந்தது. காட்டேரி ஓர் அறையில் தனியே இருந்து சுவரைப் பார்த்தான். அடுத்த கணம் பழைய காலத்து உடுப்போடு தாடி வைத்த ஒருவன் பாய்க்கப்பலில் நின்றான். பிறகு மறுபடியும் அறை. பிறகு கப்பலில் படுத்த படுக்கையாகச் சனங்கள். பிறகு மறுபடியும் அறை. காட்டேரி தன் பழைய வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறான் என்பது இன்று ஒரு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு அன்று விளங்கவில்லை.

"உவர் ஆர் மாஸ்டர், புது ஆள்?" என்று முன்வரிசையில் இருந்த மீன் விற்கும் அக்கா கேட்டார்.

"காட்டேரியின்ரை தமையன்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"அட, காட்டேரிக்கும் சகோதரம் இருக்குதே?"

"ஏன், உன்ரை மாமிக்கு அஞ்சு சகோதரம் இல்லையே?" என்றார் சம்மாட்டியார்.

முற்றம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். தப்பிவிட்டேன் என்ற நிம்மதி. அந்தத் தமையனை வைத்துக்கொண்டே தொடர்ந்து கதை சொன்னேன். காட்டேரியைத் தம்பி ஆக்கினேன். கப்பலில் காற்று எழுந்தது, அலை அடித்தது. அதற்குப் பிறகு தாடிக்காரனைக் காணவில்லை. தாடி மழித்த முகத்தோடு, அதே பழைய உடுப்பில் காட்டேரிதான் கரையில் நடந்து வந்தான்.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அவன்தான்.

"மாஸ்டர், ரெண்டும் ஒராள் மாதிரியெல்லோ கிடக்கு? இடக்கண்ணுக்கு மேலை தழும்பைப் பாருங்கோ. தாடிக்காரனுக்கும் உதிலைதான் கிடந்தது."

"ஓமடாப்பா, இவன் சொல்லுறதும் சரி போலைதான்" என்றார் ஒருவர்.

"ஏன்ராப்பா, மாஸ்டரை விட உனக்கு இங்கிலீசு கூடவோ?" என்றார் மீன் விற்கும் அக்கா.

"இங்கிலீசு என்னத்துக்கு அக்கா? கண் தெரிஞ்சால் காணும்தானே."

இம்முறை முற்றம் சிரித்தது என்னைப் பார்த்து. கெட்ட சிரிப்பு இல்லை. அன்பாகத்தான் சிரித்தார்கள். அவனும் என்னை அவமானப்படுத்த நினைக்கவில்லை, கண்டதைச் சொன்னான். நானும் பெட்டியைப் பார்த்தேன். தழும்பு இருந்தது. அவன் சொன்னது சரி என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஓம் தம்பி, நீர் சொல்லுறதுதான் சரி" என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். இதைத்தான் பல வருடங்களாக என்னிடமே மறைத்து வைத்திருந்தேன்: அடுத்த வசனத்தைச் சொல்வதற்கு முன் நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் யார், அவனுக்கு என்ன நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

"ஒரு வயித்துப் பிள்ளையள் எண்டால் சாடை இருக்கும்தானே. கதையைக் கேளுங்கோ. ரெண்டு பேரும் ஒண்டாய்த்தான் கடலுக்குப் போனவை. ஒராள்தான் கரைக்கு வந்தவன்."

சிரிப்பு நின்றது. படத்தில் காட்டேரி ஒரு வீட்டின் யன்னலுக்கு வெளியே இருட்டில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு பெண் தன் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தாள்.

"அது ஆர் மாஸ்டர், அந்தப் பெட்டை?" யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"தமையன்ரை பெண்சாதி" என்றேன்.

அவனுடைய அண்ணன் பெண்சாதி முற்றத்தில்தான் இருந்தாள். மடியில் நித்திரையாகிவிட்ட இளையவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, மூத்தவளைக் கையில் பிடித்து இழுத்தபடி படலையைத் திறந்து போனாள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. அவன் மட்டும் நாடகம் முடியும்வரை அசையாமல் இருந்தான். எழுந்து போனால் ஊர் நினைப்பது சரியாகிவிடும் என்று எண்ணியிருப்பான். நான் மிச்சக் கதையை என்ன சொல்லி முடித்தேன் என்பது ஞாபகம் இல்லை.

இரண்டு நாட்களில் அவனுடைய கூட்டு மச்சான் காய்ச்சல் என்று சொல்லித் தொழிலுக்கு வராமல் விட்டான். நாலாம் நாள் வேறு வள்ளத்தில் போனான். அந்த அளவு வள்ளத்தைத் தனியே கொண்டுபோக முடியாது. ஒராள் இயந்திரத்தைப் பிடிக்க, ஒராள் வலை இழுக்க வேண்டும். கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு சாட்டுச் சொன்னார்கள். ஒருவர் நேரேயே சொன்னாராம்: "உன்னோடை வந்தால் கலன் ரெண்டு கொண்டு வரவேணும்." கள்ளுத் தவறணையில் அவனுக்குக் காட்டேரி என்று பட்டப்பெயர் விழுந்தது. வள்ளம் மணலில் ஏற்றியபடியே கிடந்தது.

அந்தக் கிழமைதான் அண்ணனின் திவசம். முதல் வருடம் அவன்தான் இளையவனை மடியில் வைத்து, பிள்ளையின் கையைப் பிடித்து எள்ளும் தண்ணீரும் விடுவித்தான். இந்த முறை அவள் காங்கேசன்துறையில் இருந்து தன் மாமனைக் கூப்பிட்டாள். மைத்துனனுக்குச் சொல்லவே இல்லை. அவன் படலைக்கு வெளியே சிறிதுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதை நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் கண்டேன். கண்டும் குனிந்துகொண்டு போனேன்.

உண்மைக் கதை என்ன என்று அறிய வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது. குருநகரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். முப்பது வருடம் வெளிநாட்டுக் கப்பல்களில் சமையலறையில் வேலை செய்தவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எந்த நாட்டான் ஆங்கிலம் கதைத்தாலும் விளங்கும். அவரும் அந்தத் தொடரைத் தன் வீட்டில் கலர்ப் பெட்டியில் பார்த்துவந்தார்.

"உதென்ன மாஸ்டர், உங்களுக்குத் தெரியாததே?" என்று சிரித்தார். "தம்பியும் இல்லை, தமையனும் இல்லை. எல்லாம் அவன் ஒருத்தன்தான். முந்தின காலம் வரேக்கை படம் மண்ணிறமாய் மாறுமெல்லோ?"

எங்கள் பெட்டியில் மாறாது என்றேன். அவர் கதையைச் சொன்னார். அவன் கப்பலில் தச்சுவேலை செய்தவன். கப்பலில் தொற்று வருத்தம் பரவியபோது, மற்றவர்கள் ஒதுங்க, அவன் மட்டும் நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்து தண்ணீர் பருக்கினான். அவர்களில் ஒருவன் கடித்துத்தான் இவன் காட்டேரி ஆனான். ஊருக்கு வந்து தன் வீட்டு யன்னலால் தன் மனைவியையும் பிள்ளையையும் பார்த்தான்.

"பசி தாங்கேலாது. ஆனால் உள்ளை போகேல்லை, பாருங்கோ. போனால் கடிச்சுப் போடுவன் எண்ட பயம். அப்பிடியே திரும்பி நடந்திட்டான். எங்கடை மனுசி உந்த இடத்திலை அழுதவ."

அந்தக் காட்டேரி செய்த மிகப் பெரிய நல்ல காரியத்தை நான் குற்றமாக மொழிபெயர்த்திருந்தேன்.

அடுத்த கிழமை நாடகம் தொடங்குவதற்கு முன் கதிரையை விட்டு எழுந்து நின்றேன். போன தடவை நான் சொன்னது பொய், எனக்கு அவர்கள் கதைப்பது விளங்குவதில்லை, தழும்பைப் பற்றித் தம்பி சொன்னதுதான் சரி என்று சொன்னேன். கப்பல் கதை முழுவதையும் குருநகரில் கேட்டபடியே சொன்னேன். ஒருவரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"மாஸ்டர் நல்ல மனுசன்" என்றார் மீன் விற்கும் அக்கா. "அவன்ரை நிலைமையைப் பாத்துப் பாவப்பட்டுக் கதையை மாத்திறார்."

"ஆங்கிலம் படிப்பிக்கிற ஆளுக்கு ஆங்கிலம் விளங்காதாம்!" என்று இன்னொருவர் சிரித்தார். சம்மாட்டியார் என் தோளில் தட்டி, "இருங்கோ மாஸ்டர், தொடங்கப்போறான்" என்றார். என் பொய்யை நம்பியவர்கள் என் உண்மையை நம்ப மறுத்தார்கள். நான் கதிரையில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கதை சொல்லவுமில்லை.

மறுநாள் அவனுடைய அண்ணன் பெண்சாதியிடம் போனேன். படலைக்கு உள்ளே வரச் சொல்லவில்லை. வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கருவாடு புரட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"கலன் ஒண்டு மாஸ்டர். ஆக்கள் ரெண்டு பேர்" என்றாள். "உது எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கேக்கக்கூடாதெண்டு ரெண்டு வரியமாய்ப் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான். தம்பி கொண்டு வந்த மீனைத்தான் என்ரை பிள்ளையள் திண்டுதுகள். அண்டைக்கு ரீவி முடிஞ்சு அவர் வந்தவுடனை கேட்டுப்போட்டன். கேக்க வைச்சது நீங்கள்."

"அவர் என்ன சொன்னவர்?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு?" என்றாள். கேட்டிருக்கக்கூடாது. ஆனாலும் கேட்டேன்.

இனி வாயால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தது. பாடசாலை விடுமுறை தொடங்கியிருந்தது. விடிய நேரத்தோடு கரைக்குப் போனேன். அவன் கவிழ்த்து வைத்த வள்ளத்தின் நிழலில் இருந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கூட்டுக்கு ஆள் இல்லை எண்டால் நான் வாறன்."

அவன் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி.

"நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது."

"முந்தி கடலிலை இறங்கியிருக்கிறியளோ?"

"கீரிமலையிலை கேணியிலை."

அவன் சிரித்தான். அந்த நாடகத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் கண்டது அதுதான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேட்டியைக் கழட்டிப்போட்டுச் சாரம் கட்டிக்கொண்டு வாங்கோ" என்றான்.

நாங்கள் மூன்று நாட்கள் போனோம். முதல்நாள் கரை மறைவதற்கு முன்பே கடல் ஆட்டம் தாங்காமல் சத்தி எடுத்தேன். வலை இழுக்கத் தெரியாமல் நைலோன் நூல் இரண்டு உள்ளங்கையையும் வெட்டியது. மீனுக்குப் பதில் நான் பிடித்தது வெயில்தான். கரையில் நின்றவர்கள் எங்களைக் கண்டதும் சீட்டியடித்தார்கள். "காட்டேரிக்கு இண்டைக்கு வாத்தியின்ரை இரத்தம்!" என்று ஒருவன் கத்தினான். நான் செத்துப்போனாலும் அவன்மேல்தான் பழி விழும் என்பது இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அவனுக்கு அது முதல்நாளே தெரிந்திருந்தது. இயந்திரத்தை ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையால் என் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, அதன் நுனியைத் தன் காலில் சுற்றியிருந்தான்.

மூன்றாம் நாள் வலையை விட்டுவிட்டுக் காத்திருந்தபோது, நான் கேட்காமலே சொன்னான்.

"மச்சாளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறன் மாஸ்டர். கலனை அண்ணைதான் முதலிலை பிடிச்சவர். 'நீ பிடியடா' எண்டு என்னட்டைத் தள்ளிவிட்டவர். நான் திருப்பித் தள்ளேல்லை."

அவன் கடலைப் பார்த்தபடியே இருந்தான்.

"ஒருத்தரும் கேட்டிராட்டில் நான் சொல்லியிருக்க மாட்டன். சொல்லாமல் இருந்திருந்தால் அவ நிம்மதியாய் இருந்திருப்பா. நானும் சமாளிச்சிருப்பன். இப்ப அவவுக்கும் தெரியும்."

அண்ணனைச் சாகவிட்டவன் என்ற பொய்யை நான் சொன்னேன். அதை மறுக்கப்போய் அவன் தன் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒன்றைக் கொட்டவேண்டி வந்தது. அதைக் குற்றம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், அவனைத் தவிர. அவளைத் தவிர என்றும் சொல்லவேண்டுமோ, தெரியாது.

நாலாம் நாள் காலை நாங்கள் வள்ளத்தைத் தள்ளும்போது, ஊரில் எல்லோரும் மதிக்கும் வயதான தொழிலாளி ஒருவர் வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "மாஸ்டர், உங்களை ஏத்திக்கொண்டு போறதைப் பாக்க எங்களுக்கு வெக்கமாய்க் கிடக்கு. நாளைக்கு உங்களுக்கு ஒண்டு ஆச்சுதெண்டால் பொலிசுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது? போய்ப் படுங்கோ" என்று திட்டிவிட்டு, தான் ஏறி இருந்தார். அவர் ஏறியதால் மற்றவர்களும் மெல்ல மெல்ல ஏறினார்கள். பட்டப்பெயர் போகவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவனோடு தொழிலுக்குப் போனார்கள்.

அவன் முன்போலவே மீனைக் கொண்டுபோய் அண்ணன் வீட்டுப் படலையில் கொடுத்தான். மூத்த பெண்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போகும்.

அடுத்த வருடத் திவசத்துக்கு முதல்நாள் அவன் என் அறைக்கு வந்தான். அதற்குமுன் ஒருநாளும் வந்ததில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சாள் கூப்பிட்டவ" என்றான். "பெடியனை மடியிலை வைச்சிருக்க நாளைக்கு வரட்டாம்."

"பிறகென்ன தம்பி, நல்லதுதானே" என்றேன்.

"ஓம். வந்து கூப்பிட்டவதான். ஆனால் முகத்தைப் பாத்துக் கூப்பிடேல்லை, மாஸ்டர்."

நாளை போவாயா என்று கேட்டேன். போவேன் என்றான், பெடியனுக்காக. பிறகு, "உங்களிலை எனக்குக் கோவம் இல்லை. ஆனால் இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் போனான். வேலிக்கு மேலால் தெரிந்தது. பிள்ளை மடியில் இருந்தது. அவன் அதன் சின்னக் கையைப் பிடித்து எள்ளுத் தண்ணீர் விடுவித்தான். அவள் ஐயருக்குப் பின்னால், வேறுபக்கம் திரும்பி நின்றாள். அந்த வருடக் கடைசியில் எனக்கு வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. நானாக எழுதிக் கேட்ட மாற்றம். சில வருடங்களில் யுத்தம் அந்தக் கரையையே வெறுமையாக்கியது. அவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிய அழிவு வந்து சின்ன அழிவை மூடிவிட்டது என்று சிலர் ஆறுதல் சொல்லக்கூடும். நான் செய்ததை ஒன்றும் மூடவில்லை. அவள் அவன் முகத்தைப் பிறகு எப்போதாவது பார்த்தாளா என்று அறியாமலேதான் நான் கிழவனானேன்.